கெர்னோட் ஹைசர்: நம்பத்தகுந்த இயங்குதள ஆய்வு

கெர்னோட் ஹைசர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் இயங்குதளத் துறைப் பேராசிரியர் ஆவார். சூரிக் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற இவர், 1991-இல் சிட்னியில் ஆசிரியப் பணியில் சேர்ந்தார்.

கணினியின் எல்லா நிரல்களும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருனியையே நம்பியுள்ளன. அதில் ஒரு பிழை இருந்தாலும் முழுக் கணினியும் பிறர் கைக்குப் போய்விடலாம். சோதனைகள் பிழை இருப்பதைக் காட்டும். பிழையே இல்லை என்று காட்டமாட்டா. ஆகவே கருனியைச் சிறிதாக்கி, வடிவியல் தேற்றத்தைப் போல நிறுவும் முயற்சியில் இவருடைய குழு இறங்கியது.

2009-இல் கெர்வின் கிளைன் தலைமையில் 'செல்4' நுண்கருனியின் நிறுவல் முடிந்தது. சுமார் 8,700 வரி சி மொழி நிரலுக்கு ஏறத்தாழ 2,00,000 வரி நிறுவல் தேவைப்பட்டது. வன்பொருள் சரியாக இயங்கும் என்பன போன்ற எடுகோள்களின் மேல், நிரல் தன் விவரக்குறிப்பின்படியே நடக்கும் என்பது உறுதியானது. 2014-இல் செல்4 திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வுத் திட்டம் ஒன்றில் ஆளில்லா ஹெலிகாப்டரை இணையத் தாக்குதலிலிருந்து காக்கவும் அது பயன்பட்டது.

எனினும் 2021-இல் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனம் இக்குழுவுக்கான ஆதரவை நிறுத்தியது. ஆய்வு பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தது. 2022-ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது செல்4-ஐ உருவாக்கியவர்களுக்கு வழங்கப்பட்டது.