தமிழகத்தில் குழு உளச்சிகிச்சை

குழு உளச்சிகிச்சை என்பது, ஒத்த உளத்துயர் உடைய சிலர் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவரின் முன்னிலையில் தொடர்ந்து கூடிப் பேசி, ஒருவருக்கொருவர் துணையாகி நலம்பெறும் முறையாகும். 1905இல் பாஸ்டன் நகர மருத்துவர் ஜோசப் பிராட் காசநோயாளிகளுக்கு நடத்திய வகுப்புகளை இதன் தொடக்கமாகக் கொள்வர். இரண்டாம் உலகப்போரில் மனம் நொந்த படைவீரர் பெருகியபோது, இங்கிலாந்தின் நார்த்ஃபீல்ட் மருத்துவமனையில் பியான், ஃபூக்ஸ் முதலியோர் இதனை வளர்த்தெடுத்தனர்.

இந்தியாவில் 1950களில் வித்யா சாகர், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை வளாகத்தில் நோயாளிகளின் உறவினரையும் கூடாரங்களில் தங்கவைத்துக் கூட்டாகப் பேசியது திருப்புமுனையாயிற்று. தமிழகத்தில் இம்முறை குடிநோய் சிகிச்சை வழியாகவே பரவலாக அறிமுகமானது எனலாம். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோயாளிகளுக்குக் குழு அமர்வுகளை நடத்தியதோடு, அவர்களின் குடும்பத்தாருக்கும் தனித் திட்டம் வகுத்து, மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கு முகாம்களையும் கொண்டுசென்றது.

வட்டமாக நாற்காலி போட்டுவிட்டால் எல்லாரும் சமமாகிவிடுவதில்லை. வயதில் மூத்தவர் பேசும்போது இளையவர் வாய்திறவாமையும், சாதி வேற்றுமை சொல்லப்படாமலே உள்ளே நுழைந்து அமர்வதும், சக உறுப்பினரை விட்டுச் சிகிச்சையாளரையே நோக்கி 'நீங்களே சொல்லுங்க சார்' என்று அறிவுரை கேட்பதும் இங்கு சிகிச்சையாளர் எதிர்கொள்ளும் இடர்கள். மனநல மருத்துவர் ஜே. எஸ். நேகி 1973இல் குரு–சீடர் உறவை இந்தியச் சிகிச்சைக்கு உகந்த மாதிரியாக முன்வைத்தார். தனிச் சிகிச்சையில் பயன்தரும் அவ்வுறவே குழுவில் உறுப்பினர்களின் பேச்சை ஒடுக்கிவிடக்கூடும் என்பதால், உரிய நேரத்தில் விலகி நிற்கத் தெரிவதே சிகிச்சையாளரின் தலையாய திறன்.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைப் பறித்த விழுப்புரம் மாவட்டத்தில், இத்தகைய குழுக்களின் தேவை பெரிது. அவற்றை நடத்துவதோ கடினம். பெருநகரக் குழுவில் உறுப்பினர்கள் பெரும்பாலும் அயலார். இம்மாவட்டத்தின் அனந்தபுரம் போன்ற பேரூராட்சியில் எதிரே அமர்ந்திருப்பவர் கடன் கொடுத்தவராகவோ பங்காளியாகவோ பிள்ளையின் ஆசிரியராகவோ இருக்கக்கூடும். அவர் முன் மனைவியை அடித்ததை ஒருவர் ஒப்புக்கொள்வது எளிதன்று. அடிபட்ட பெண் பேசுவது அதனினும் அரிது. ஆகவே மகளிர்க்குத் தனிக்குழு அமைப்பதும், அடுத்த ஊரில் கூட்டம் கூட்டுவதும் நல்ல வழிகள். அமர்வில் பேசியது வெளியே போகாமல் காப்பதிலும் சிக்கல் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் செய்திகளைக் காக்கும் கடமையை மருத்துவப் பணியாளர் மீது சுமத்துகிறதேயன்றிச் சக உறுப்பினர் மீது சுமத்தவில்லை; அவர்களைக் கட்டுப்படுத்துவது முதல் அமர்வில் அவர்களே கொடுக்கும் வாக்குறுதி ஒன்றே.