வாய் பொத்தி நின்றவர்களின் ஜெபம்

1836-ஆம் ஆண்டுக் கணக்கின்படி திருவிதாங்கூரில் சுமார் 12.8 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகள். நெய்யாற்றின்கரை, பாறசாலை வயல்களில் உழைத்த புலையரும் பறையரும் அந்தக் கணக்கில் அடங்குவர். நில உடைமையாளரான ஜன்மியின் முன் அவர்கள் தொலைவில் நிற்க வேண்டும். வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டும். மிஷனரி சாமுவேல் மற்றீர் இந்த வழக்கங்களை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். 1840-களில் ஜான் ஆப்ஸ் பொறுப்பேற்ற பாறசாலை லண்டன் மிஷனில், இப்படிப்பட்டவர்களிடம் போய், 'நீ தகுதியற்றவன், இரக்கத்துக்குக் கெஞ்சு' என்று கற்பித்தால் அதில் என்ன புதுமை? இதைத்தானே ஜன்மித் தம்புரான் தினமும் சொல்லிவந்தான்!

புதுமை இருந்தது. லூக்கா சுவிசேஷத்தில் ஆலயத்துக்கு இருவர் ஜெபிக்கப் போகிறார்கள். பரிசேயன் தன் நோன்பையும் தசமபாகத்தையும் கணக்கொப்பிக்கிறான். ஆயக்காரன் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்கிறான். நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்புகிறவன் அவன்தான். தீண்டல் விதியால் தூரத்தில் நிறுத்தப்பட்டவனுக்கு இந்தக் கதை வேறு விதமாகவே கேட்டிருக்க வேண்டும். ஆயக்காரன் தானாகத் தள்ளி நின்றான், புலையன் நிறுத்தப்பட்டான் என்ற வேறுபாடு உண்மைதான். ஆனால் ஜன்மியின் முற்றத்தில் ஒருவன் மட்டுமே தாழ்ந்தவன். இந்த ஜெபத்திலோ மிஷனரி முதல் கூலிக்காரர் வரை எல்லோரும் தகுதியற்றவர்கள். பிறப்பையும் தூய்மையையும் பார்த்துக் கிடைக்காத இரக்கத்தை, அவற்றைக் காட்டி யாரும் தடுக்கவும் முடியாது.

தாழ்மையைப் போதித்து அடிமையைப் பணியவைத்தார்கள் என்பார்கள் சிலர். 1847-இல் அடிமைமுறையை ஒழிக்கக் கோரி மகாராஜாவிடம் மனுக் கொடுத்தவர்களும் இதே மிஷனரிகள்தான். பிரிட்டிஷ் அரசின் அழுத்தமும் சேர்ந்து, 1855-இல் விடுதலைப் பிரகடனம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டாய ஊழியத்திலிருந்து தப்பவே மதம் மாறினார்கள் என்ற ஏளனமும் உண்டு. கட்டாய வேலையிலிருந்து ஒரு நாள் விடுதலை கேட்பது பாவமா என்ன? தகுதி கேட்காத இரக்கம், வருகிறவனின் நோக்கத்தை மட்டும் எடை போடும் என்பது முரண். இவற்றைவிட வலுவான மறுப்பு சபைக்குள்ளேயே இருக்கிறது: சாதியில் சற்று மேலே இருந்து வந்த கிறிஸ்தவர்கள் புலையரோடு ஒன்றாக அமர மறுத்தார்கள். அவர்கள் முழங்காலில் நின்றபடியே பரிசேயனின் ஜெபத்தைச் சொன்னார்கள் என்பேன். அவர்களைக் குற்றவாளியாக்கும் அளவுகோலும் அந்தப் போதனையே.

வேறொரு வழியும் இருந்தது. தெற்கே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், வணங்கும்போது தலைப்பாகை கட்டச் சொன்னார். 1888-இல் நெய்யாற்றின்கரை அருவிப்புரத்தில் நாராயண குரு, எவருடைய அனுமதியையும் கேட்காமல் சிவனைப் பிரதிஷ்டை செய்தார். குனியவைக்கப்பட்ட தலையை நிமிர்த்திக் கடவுளிடம் போகும் வழி இது. பலருக்கு இதுவே பொருத்தமானதாகவும் இருந்தது. ஆனாலும் இரண்டு வழிகளும் கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் நின்ற ஆளைத்தான் அகற்றின. திருவிதாங்கூர் அரசின் கோயில் கதவுகள் புலையருக்குத் திறந்தது, அருவிப்புரத்துக்கு 48 ஆண்டுகள் கழித்து, 1936 நவம்பர் 12-இல்தான்.