பேஸ் கிட்டார், ஆம்ப்: மேடை ஏறும் முன் காசை எதில் போடணும், எதை செக் பண்ணணும்?

வார நாட்களில் வேலை, சனிக்கிழமை ரிகர்சல். பெங்களூரு, புனே, ஹைதராபாத், குருகிராம் என்று எந்த ஊரில் நீங்கள் வேலை பார்த்தாலும், கூட வேலை செய்பவர்களில் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு பேண்ட் உருவாகிவிடுகிறது. பாட ஆள் இருக்கும், லீட் கிட்டாருக்கு மூன்று பேர் போட்டி போடுவார்கள். பேஸ் வாசிக்க மட்டும் ஆள் கிடைக்காது. அந்த இடத்துக்கு நீங்கள் கை தூக்கிவிட்டீர்கள் என்றால், அடுத்த கேள்வி: என்ன வாங்கணும்?

கடைக்குப் போனால் கண்ணில் முதலில் படுவது பெரிய ஆம்ப்தான். மேலே 300 வாட்ஸ், 500 வாட்ஸ் என்று எழுதியிருக்கும். கொஞ்சம் பொறுங்கள். கல்யாண ரிசப்ஷன், கம்பெனி ஆண்டு விழா, கல்லூரி கல்ச்சுரல்ஸ், ஓரளவு பெரிய பப் என எங்கே வாசித்தாலும், கூட்டத்துக்குக் கேட்பது உங்கள் ஆம்ப் அல்ல. ஹாலில் இரண்டு பக்கமும் வைத்திருக்கும் ஸ்பீக்கர்கள். உங்கள் ஆம்ப் உங்களுக்கும் பக்கத்தில் இருக்கும் டிரம்மருக்கும்தான். இது புரிந்தால் பட்ஜெட் கணக்கே மாறிவிடும்.

பேஸுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வாட்ஸ்?

நான்கு தந்தி பேஸில் மிகக் கீழான 'ஈ' தந்தி அதிர்வது வினாடிக்கு சுமார் 41 தடவை. ஐந்து தந்தி பேஸின் 'பி' சுமார் 31 தடவை. இவ்வளவு கீழான ஒலியை நம் காது சரியாகப் பிடிக்காது. நடுத்தர ஒலி அளவுக்கு அது கேட்க வேண்டுமென்றால் பல மடங்கு அதிக சக்தி வேண்டும். ஸ்பீக்கரும் நிறைய காற்றைத் தள்ள வேண்டும். அதனால்தான் கிட்டாரிஸ்ட் 30 வாட்ஸ் ஆம்பில் ஹாலையே அலறவிடும்போது, உங்கள் 30 வாட்ஸ் டிரம்ஸுக்கு முன்னால் காணாமல் போகிறது.

இதில் இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. 50 வாட்ஸை 100 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. கூடுவது 3 டெசிபல்தான். இரண்டு மடங்கு சத்தமாக காதுக்குத் தோன்ற, கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆக, 100-க்குப் பதில் 150 வாட்ஸ் ஆம்ப் வாங்கச் சொல்லி யாராவது காசு கூடக் கேட்டால், காது அதைக் கவனிக்கவே கவனிக்காது.

பழைய ராக் மேடைப் படங்களில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி பார்த்திருப்பீர்கள். ஆம்பெக் கம்பெனி 1969-ல் கொண்டுவந்த எஸ்விடி அந்த ரகம்: 300 வாட்ஸ் வால்வு ஆம்ப், கீழே பத்து இன்ச் ஸ்பீக்கர்கள் எட்டு. அன்றைய மேடைகளில் ஹால் ஸ்பீக்கர் பெரும்பாலும் பாடுபவர்களுக்குத்தான். மற்றவர்கள் தங்கள் சத்தத்தைத் தாங்களே சுமந்து வரணும். இன்றைக்கு அந்த வேலையை மிக்ஸர் செய்கிறது. அந்தப் பெட்டியை இரண்டாவது மாடி ஃபிளாட்டுக்கு ஏற்றும் வேலை உங்களுக்கு வேண்டாம்.

டிஐ பாக்ஸ்: சின்னப் பெட்டி, பெரிய வேலை

பேஸிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானது. அதை நீளமான கேபிளில் அப்படியே மிக்ஸர் வரை அனுப்பினால் இரைச்சல் சேரும், ஒலியும் மங்கும். நடுவில் நின்று அதை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தருவதுதான் டிஐ பாக்ஸ். ஒரு பக்கம் பேஸ் கேபிள், மறுபக்கம் மைக் கேபிள் மாதிரியே மூன்று பின் கேபிள். அவ்வளவுதான்.

"ஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸருக்குப் போனால் சவுண்ட் செத்துப்போயிருக்குமே?" என்று நினைக்கலாம். 1960-களின் மோடவுன் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ், டெட்ராய்ட் ஸ்டுடியோவில் நேராக மிக்ஸருக்குப் போய்ப் பதிவானதுதான். பேஸ் வாசிப்பவர்கள் இன்றும் பாடமாகக் கேட்கும் ஒலி அது.

எளிய டிஐ பாக்ஸ் போதும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் ப்ரீஆம்ப் பெடலோடு சேர்ந்த டிஐ வாங்குங்கள். டெக் 21 கம்பெனியின் சான்ஸாம்ப் பேஸ் டிரைவர் இதில் பிரபலம், அதே பாணியில் பெஹ்ரிங்கரின் மலிவான பிடிஐ21 உண்டு. இதில் என்ன லாபம் என்றால், எந்த ஊரில் எந்த வாடகை ஆம்ப் கொடுத்தாலும் ஹால் ஸ்பீக்கரில் உங்கள் ஒலி ஒரே மாதிரி இருக்கும். விமானத்தில் போகும்போது பையில் அடங்கும். என்னைக் கேட்டால், பேஸுக்கு அடுத்து வாங்க வேண்டியது ஆம்ப் அல்ல, இதுதான்.

எர்த் இருக்கா? இதை விளையாட்டாக எடுக்காதீர்கள்

சார்ஜில் போட்ட லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொடும்போது விரலில் லேசாக 'சுருக்' என்று இருக்குமே, அது எர்த் இல்லாததால் வரும் சின்னக் கசிவு. மேடையில் இதே விஷயம் சின்னதாக இருக்காது.

பேஸின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக, ஆம்பின் உலோக உடலோடு இணைந்திருக்கின்றன. ஆம்ப் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். அந்த எர்த் அறுந்து, ஆம்பிலும் கோளாறு வந்தால், உங்கள் கை வைத்திருக்கும் தந்தியில் 230 வோல்ட் வரை நிற்கலாம். கோரஸ் பாட மைக்கில் உதடு படும் அந்த நொடியில் மின்சாரம் கையில் நுழைந்து உதடு வழியாக வெளியேறும். வழியில் நெஞ்சு இருக்கிறது. 1972 மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்ஸி நகரில், ஸ்டோன் தி க்ரோஸ் பேண்டின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி இப்படித்தான், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார்.

நம் ஊர் மேடைகளில் ஆபத்து எங்கே என்று உங்களுக்கே தெரியும்: ஜெனரேட்டர் சப்ளை, மழையில் நனைந்த பந்தல், எர்த் பின் போகாத இரண்டு பின் எக்ஸ்டென்ஷன், வயரை நேராக சாக்கெட்டில் செருகி தீக்குச்சி வைத்து அடைப்பது. 'உம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் பிளக்கின் மூன்றாவது பின்னைக் கழற்றச் சொல்பவர்களும் உண்டு. கழற்றினால் இரைச்சல் நிற்கும்தான். கூடவே உங்களைக் காப்பாற்றும் ஒரே வயரும் போய்விடும். அந்த இரைச்சலுக்கு டிஐ பாக்ஸிலேயே 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது சிக்னல் கேபிளின் இணைப்பை மட்டும்தான் துண்டிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது. அதைத் தட்டுங்கள், பிளக்கைத் தொடாதீர்கள்.

சவுண்ட் செக்கில் செய்ய வேண்டியது இரண்டு நிமிஷ வேலை. சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் மூன்று லைட் டெஸ்டர் ஒன்று கிட்டார் பையில் இருக்கட்டும். எர்த் இருக்கிறதா, வயர் மாறியிருக்கிறதா என்று காட்டிவிடும். பிறகு மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை உங்கள் தந்தியிலும் மறு முனையை மைக்கின் உலோக வலையிலும் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 30, 60, 100 என்று காட்டினால் வாசிக்க வேண்டாம். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கட்டும். ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே சப்ளை பாயின்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். மைக்குக்கு ஒரு ஸ்பாஞ்ச் உறை போடுவதும் உதவும். இதையெல்லாம் கேட்டால் சவுண்ட் அண்ணன் முறைப்பார். பரவாயில்லை, முறைக்கட்டும்.

எந்த பேஸ்?

லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன், 1960-ல் வந்த ஜாஸ், இந்த இரண்டின் சாயல்தான் கடையில் தொங்கும் பெரும்பாலான பேஸ்களில் இருக்கும். பிரிசிஷன் பிக்கப் தடிமனாக, கூட்டத்தில் தொலையாமல் நிற்கும். ஜாஸ் பிக்கப் கொஞ்சம் கூர்மை. விரல் வேலை தெளிவாகக் கேட்கும், ஆனால் இரண்டு நாபையும் ஒரே அளவில் வைக்காவிட்டால் இரையும். இரண்டையும் ஒன்றாக வைத்த 'பிஜே' வகை முதல் பேஸுக்கு நல்ல தேர்வு. யமஹா டிஆர்பிஎக்ஸ்174 இந்த வகைதான். ஸ்குவையர், ஐபனேஸ் கம்பெனிகளின் ஆரம்ப மாடல்களையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

ஆக்டிவா, பாசிவா? ஆக்டிவ் பேஸில் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். டோனை நிறைய மாற்றலாம். ஆனால் கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். ரிகர்சல் முடிந்து அப்படியே விட்டால் ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஒலி கரகரத்துச் சாகும். பாசிவில் இந்தத் தொல்லை இல்லை. ஐந்தாவது தந்தி முதல் வருஷத்துக்கு அவசியமில்லை.

பிராண்டை விட செட்டப் முக்கியம். வாங்கும்போது ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மெதுவாக வாசித்துப் பாருங்கள். எங்காவது கரகரக்கிறதா, எங்காவது ஸ்வரம் சட்டென்று செத்துப்போகிறதா? 'ஜி' தந்தியில் ஐந்து முதல் ஏழாவது ஃப்ரெட் வரை இது அடிக்கடி வரும் இடம். உட்கார்ந்து மட்டும் பார்க்காமல், ஸ்ட்ராப் மாட்டி பத்து நிமிஷம் நில்லுங்கள். தலைப்பக்கம் கீழே சாய்ந்தால், இரண்டு மணி நேர கச்சேரி முழுவதும் இடது கை அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

மும்பை, சென்னை, கொச்சி மாதிரி கடலோர ஊர்களில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்த உடனே துணியால் துடைப்பது பாதி வைத்தியம். மழைக்காலத்தில் நெக் வளைவதும் சகஜம்; வருஷத்துக்கு இரண்டு முறை கடையில் கொடுத்து ட்ரஸ் ராடைச் சரிசெய்தால் போதும்.

சரி, ஆம்ப் வேண்டவே வேண்டாமா?

வேண்டும், ஆனால் அளவாக. வீட்டில் பழக 15 முதல் 40 வாட்ஸ் தாராளம். டிரம்ஸோடு ரிகர்சல், ஸ்பீக்கர் வசதி இல்லாத கஃபே என்றால் 100 வாட்ஸாவது வேண்டும், 200-க்கு மேல் இருந்தால் நிம்மதி. வாங்குவது எதுவாக இருந்தாலும் பின்னால் மிக்ஸருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் அவுட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தனி டிஐ இல்லாமலும் சமாளிக்கலாம்.

வாட்ஸ் எண்ணைப் படிக்கும்போது ஓம் எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். உதாரணத்துக்கு ஃபெண்டர் ரம்பிள் 500, தனியாக ஓடும்போது தருவது 350 வாட்ஸ்தான். 8 ஓம் பெட்டி இன்னொன்றைச் சேர்த்தால்தான் 500. 8 ஓம் பெட்டிகள் இரண்டு சேர்ந்தால் 4 ஓம். 4 ஓம் இரண்டு சேர்ந்தால் 2 ஓம். ஆம்பில் 'குறைந்தது 4 ஓம்' என்று போட்டிருக்க, 2 ஓம் மாட்டினால் சூடாகி அணைந்துவிடும், இல்லை புகைந்துவிடும். ஆம்புக்கும் பெட்டிக்கும் நடுவே கிட்டார் கேபிளைப் போடுவதும் அதே வழியில்தான் முடியும். அதற்கு ஸ்பீக்கர் கேபிள் தனி.

அமெரிக்காவிலிருந்து வரும் மாமா "ஒண்ணு வாங்கிட்டு வரவா?" என்று கேட்டால், வோல்டேஜ் என்ன என்று கேளுங்கள். 120 வோல்ட் மட்டும் ஏற்கும் ஆம்ப் இங்கே 230-ல் முதல் நொடியே போய்விடும்.

மேடையில் எப்படி வைக்கணும்?

வீட்டில் தனியாக வாசிக்கும்போது இனிக்கும் செட்டிங், அதாவது பேஸ் நாப் முழுசு, ட்ரெபிள் முழுசு, நடுவே பள்ளம், மேடையில் உங்களை மறைத்துவிடும். அடி ஒலியில் கிக் டிரம் உட்கார்ந்திருக்கிறது, மேலே சிம்பல்களும் கிட்டாரும். காலியாக இருக்கும் நடுப்பகுதிதான் உங்கள் இடம். எல்லா நாபையும் நடுவில் வைத்து ஆரம்பியுங்கள். 'கேட்கவில்லை' என்று தோன்றினால் வால்யூமுக்கு முன் மிட் நாபைக் கூட்டுங்கள். ஆம்பை முடிந்தால் நாற்காலி மேல் வையுங்கள். கணுக்காலுக்குக் காது இல்லை.

திறந்தவெளி நிகழ்ச்சி என்றால் நேரத்தையும் கேட்டுவையுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. அரிதான நாட்களுக்கு மட்டும் மாநில அரசு விலக்கு தரலாம். மூடிய அரங்குகளுக்கு நிலைமை வேறு. ஆனால் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கு முதலில் போவது பேஸ் என்பதால், புகார் வந்ததும் மேனேஜர் நேராக உங்களிடம்தான் வருவார். அப்போது மாஸ்டர் வால்யூமில் கை வைக்காதீர்கள், பேஸ் நாபை மட்டும் இறக்குங்கள். பக்கத்து வீட்டில் அதிர்வு நிற்கும், டிரம்மருக்கு உங்கள் ஸ்வரம் கேட்டுக்கொண்டே இருக்கும்.