கடல் சுற்றியிருக்கும் நாட்டில் உப்பு ஏன் தட்டுப்பட்டது?



2025இல் உப்புக்கு அலைந்தது ஞாபகம் இருக்கும். கடை கடையாக ஏறி இறங்கினோம். இந்தியாவிலிருந்து உப்பு வருகிறது என்று செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நாட்களில்தான் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், நம்மட நாட்டைச் சுத்திக் கடல்தானே? வடிச்சு எடுத்தா என்ன?"

அப்போது நடந்துகொண்டிருந்ததும் கலவைகள் பாடம்தான். பிளேன்ரீயில் கரைந்த சீனி முதல் மிடறிலும் கடைசி மிடறிலும் ஒரே இனிப்பு. அது ஏகவினக் கலவை. மழைக்கு மறுநாள் நமது கிருலப்பனைக் கால்வாய்த் தண்ணீரைப் போத்தலில் பிடித்து வைத்தால் மண் அடியில் இறங்கும், குப்பை மேலே மிதக்கும். அது பல்லினக் கலவை. (தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இவற்றுக்கு ஒருபடித்தான, பலபடித்தான என்று பெயர். யூடியூப் பார்த்துப் படிக்கும் பிள்ளைகள் குழம்புவது இதனால்தான்.) கால்வாய்த் தண்ணீரைத் துணியால் வடிக்கலாம். வெள்ளவத்தைக் கடல்நீரை எத்தனை மடிப்புத் துணியில் ஊற்றினாலும் மணல்தான் நிற்கும், உப்பு தண்ணீரோடு போய்விடும். லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் அதில் கரைந்திருக்கின்றன. அவற்றை எடுக்க நம்மவர்கள் நம்பியது வெயிலையும் காற்றையும்தான்.

அந்த வெயில் நம் நாட்டில் எல்லா இடத்திலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. புத்தளம், ஆனையிறவு, அம்பாந்தோட்டை போன்ற வறண்ட கரைகளில்தான் உப்பு விளையும். மலைநாட்டில் விளையவே விளையாது. இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும். கரையைப் பிடித்தவன் கையில் கண்டியின் உப்புச் சிரட்டை இருந்தது. 1766இல் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கையில் கரை முழுவதும் கைவிட்டுப் போனது. ஆனாலும் மலைநாட்டார் உப்பு எடுத்துக்கொள்ளும் உரிமை அதில் தனியாகப் பேசப்பட்டது. அரிசி இருந்தாலும் உப்பில்லாமல் என்ன செய்வது?

அந்த உப்பை மலைக்கு ஏற்றியவர்களில் நம் மூதாதையர் முக்கியமானவர்கள். பொதிமாடுகள் வரிசையாகப் போகும் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். உப்பும் கருவாடும் மேலே போகும், பாக்கு கீழே வரும். கண்டி மன்னரின் பொதிமாட்டுப் போக்குவரத்துப் பிரிவுக்கு 'மடிகே பத்த' என்று பெயர். அதில் பணிசெய்தோரில் முஸ்லிம்கள் அதிகம். குருநாகல் பக்கத்து மடிகே மிதியாலை என்ற ஊர்ப் பெயரில் அந்த மடிகே இன்னும் இருக்கிறது. அந்த ஊரில் சொந்தக்காரர் உள்ளவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருக்கக்கூடும்.

ஆங்கிலேயர் காலத்தில் உப்பு அரசாங்கத்தின் தனியுரிமை ஆனது. பிற்காலத்தில் பெரிய எழுத்தாளராக அறியப்பட்ட லெனார்ட் வுல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். அவருடைய பெரிய வேலைகளில் ஒன்று உப்பு அள்ளுவித்தல். அங்கே 'லேவாய' எனப்படும் ஆழமற்ற உப்பேரிகளில் கடும் வறட்சியில் உப்பு தானாகவே படியும். மழை வருமுன் அள்ளினால் உண்டு. ஒரு பெருமழை இறங்கினால் படிந்ததெல்லாம் திரும்பவும் கரைந்து ஏகவினக் கலவையாகிவிடும். 2025இல் நமக்கு நடந்ததும் இதுதான். உப்பு விளையவேண்டிய காலத்தில் மழை விடவில்லை.

உப்பளத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீரை மாற்றுவதும் வீண் வேலை அல்ல. வற்ற வற்ற முதலில் கல்சியம் காபனேற்று படியும், அடுத்து கல்சியம் சல்பேற்று, அதன் பிறகே நாம் சாப்பிடும் சோடியம் குளோரைட்டு. எஞ்சுகிற கசப்பு நீரில் மகனீசியம் உப்புகள் இருக்கும். அதை வெளியேற்றிவிட வேண்டும். உப்பைக் குவித்து மாதக்கணக்கில் வைப்பதும் அதற்காகத்தான். ஒட்டியிருக்கும் மகனீசியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்து போய்விடும். வீட்டில் கல்லுப்பு நசநசப்பதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம்.

உப்பைக் கெடுத்தது மழை மட்டுமல்ல. ஆனையிறவு உப்பளம் 1990இல் போரால் நின்றது, நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களில் பெருந்தொகையினர் போய்ச் சேர்ந்த இடம் இன்னொரு உப்பூர், புத்தளம். இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒருத்தி மட்டும், "எங்கட உம்மம்மா அப்பிடித்தான் வந்தவ" என்றாள்.

பிறகு பாடசாலை மொட்டைமாடியில் இரண்டு தட்டுகளில் கடல்நீர் வைத்தோம். ஒன்றைக் கண்ணாடியால் மூடினோம், மற்றது திறந்தபடி. மூன்றாம் நாள் திறந்த தட்டின் ஓரத்தில் வெள்ளை படிந்திருந்தது. எல்லோரும் விரலால் தொட்டு நாக்கில் வைத்து முகம் சுளித்தார்கள். அன்று பின்னேரமே மழை. மறுநாள் தட்டு நிறையத் தண்ணீர், வெள்ளையைக் காணோம். கேள்வி கேட்ட பிள்ளைதான் முதலில் சொன்னாள், "சேர், மழைக்கு முந்தி அள்ளியிருக்கணும்."

இந்த வாரம் திரும்ப வைக்கிறோம். வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போகிறவர்கள் ஒரு போத்தல் கடல்நீர் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். கால்வாய் வந்து விழும் இடத்தில் மட்டும் அள்ள வேண்டாம்.