காணாமற் போன இசையேடு



தோட்டத்துக் கோயிலில் திருவிழா நடக்கும்போது நாம் எல்லாரும் பார்க்கின்ற காட்சி ஒன்று உண்டு. சாமி புறப்படுகையில் தேரின் அருகே நாதஸ்வரமும் தவிலும் போகும். காவடிகளுக்கு முன்னால் உறுமியும் தப்பும் முழங்கிக்கொண்டு போகும். ஒரே ஊர்வலம்தான், ஒரே சாமிதான். ஆனால் இரண்டு கூட்டத்தாரும் சேர்ந்து ஒன்றை வாசிப்பதில்லை. உறுமிச் சத்தம் தூரப் போகட்டும் என்று நாதஸ்வரக்காரர் காத்திருப்பார். "இவர் வாசிப்பது யார் காதில் விழப்போகிறது?" என்று உறுமிக்காரப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒன்று உயர்ந்த இசை, மற்றது வெறும் கூச்சல் என்று பெரியவர்கள் தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்.

மேல்நாட்டிலும் இதே வழக்கு இருந்தது. அங்கே அந்த இரு கூட்டத்தாரும் ஒருநாள் ஒரே மேடையில் ஏறினார்கள். அந்தக் கதையைத்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் அந்த இரு கூட்டத்தாரும் யார் என்று பார்ப்போம். ஒன்று சிம்பொனி இசைக்குழு. எண்பது முதல் நூறு பேர் வரை உட்கார்ந்து வாசிப்பார்கள். வயலின் போன்ற நரம்புக் கருவிகள், புல்லாங்குழல் போன்ற மரக் கருவிகள், எக்காளம் போன்ற பித்தளைக் கருவிகள், முரசு வகைகள் என்று வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொருவர் முன்னாலும் அவர் வாசிக்க வேண்டியது எழுதி வைக்கப்பட்டிருக்கும். எல்லாருக்கும் முன்னால் நடத்துநர் ஒருவர் சிறு கோலுடன் நின்று காலம் காட்டுவார். இவர்களுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. மண்டபத்தின் சுவர்களே ஓசையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மற்றது ஹெவி மெட்டல் எனப்படும் முரட்டு ராக் இசைக்குழு. நான்கு அல்லது ஐந்து பேர்தான். மின்சாரக் கித்தார், பேஸ் கித்தார், டிரம்ஸ், தொண்டை கிழியப் பாடும் ஒருவர். ஏடு கிடையாது, காதால் கேட்டு மனத்தில் பதித்து வாசிப்பார்கள். 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இதை வளர்த்தார்கள். பர்மிங்ஹாம் நகரின் பிளாக் சபாத் குழுவில் கித்தார் வாசித்த டோனி அயோமி, பதினேழு வயதில் தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனியை இழந்தவர். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவராகையால், நரம்பை அழுத்த வேண்டிய கையே அதுதான். அவர் சோர்ந்து போகவில்லை. விரலுக்குப் பிளாஸ்டிக் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். நாளடைவில் நரம்புகளைத் தளர்த்திக் கட்டினார். அதனால் ஓசை தாழ்ந்து கனத்தது. அந்தக் கனமே ஹெவி மெட்டல் இசைக்கு ஓர் அடையாளமாயிற்று. இயந்திரத்தில் விரலை விட்டவர்களின் வலியை நம் தோட்டத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி அந்த நாளுக்கு வருவோம். 1969 செப்டம்பர் 24. இடம் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபம். டீப் பர்ப்பிள் என்னும் ராக் குழுவில் ஆர்கன் வாசித்தவர் ஜான் லார்ட். சிறு வயதிலேயே முறையாகப் பியானோ கற்றவர். எழுதப்படிக்கத் தெரிந்தவர் என்று சொல்வதுபோல, இசையை எழுதவும் படிக்கவும் தெரிந்தவர். ராக் குழுவும் சிம்பொனிக் குழுவும் சேர்ந்து வாசிக்கும்படி மூன்று பகுதிகள் கொண்ட இசை நூல் ஒன்றை அவர் எழுதினார். ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசிக்க ஒப்புக்கொண்டது. நடத்துநர் மால்கம் அர்னால்ட்.

ஒத்திகை சுமுகமாக நடக்கவில்லை. முடி வளர்த்த இந்தப் பையன்களோடு உட்கார்ந்து வாசிப்பதா என்று சிம்பொனிக் கலைஞர் சிலர் முகம் சுளித்தார்கள், ஏனோதானோவென்று வாசித்தார்கள். அர்னால்ட் அவர்களைக் கடுமையாகக் கண்டித்து வழிக்குக் கொண்டுவந்தார் என்று ஜான் லார்ட் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

தொழில் சார்ந்த சங்கடமும் இருந்தது. நூறு பேர் மெல்ல இழைக்கும் வயலினை, ஒரே ஒரு மின்சாரக் கித்தார் விழுங்கிவிடும். சிம்பொனிக் கலைஞர் நடத்துநரின் கோலைப் பார்ப்பார். ராக் கலைஞர் டிரம்ஸ் அடியைக் கேட்பார். கோலும் அடியும் இம்மி பிசகினாலும் நூறு பேரும் தடுமாறுவார்கள். ஜான் லார்ட் இந்தப் பகையை மறைக்கவில்லை, அதையே கதையாக்கினார். முதற் பகுதியில் இரு குழுவும் எதிரிகளைப் போல மாறி மாறி மோதும். இரண்டாம் பகுதியில் பாட்டு வரும். ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்கத் தொடங்குவர். மூன்றாம் பகுதியில் இரண்டும் சேர்ந்து ஓடும். ஊர்வலத்தில் நாதஸ்வரமும் உறுமியும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மால்கம் அர்னால்ட் என்ற பெயரை நாம் இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படத்துக்கு இசையமைத்து ஆஸ்கார் பரிசு பெற்றவர் அவர். அது சயாம் மரண ரயில் பாதையைப் பற்றிய படம். 1942-43இல் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட அந்தப் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்தப் படத்தில் சொல்லப்பட்டது வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் கதை. உலகம் அறிந்தது அந்தக் கதையைத்தான். அவர்களிடம் குறிப்பேடு இருந்தது, நூல் எழுத ஆள் இருந்தது. நம் பாட்டன்மார் பட்டதோ பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றது. பேர்பாதி அவர்களோடு மண்ணுக்குள் போயிற்று. எழுதி வைக்காதது என்னவாகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

எழுதி வைத்ததும் சில வேளை தொலையும். ஜான் லார்டின் நூலுக்கு அதுதான் நேர்ந்தது. 1970 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அது மீண்டும் வாசிக்கப்பட்டது. அதன்பின் அந்த இசையேடு காணாமற் போய்விட்டது. இசைத்தட்டு இருந்தது, எவரும் கேட்கலாம். ஆனால் எவரும் வாசிக்க முடியாது. நூறு பேர் தத்தமக்கு உரியதைப் பார்த்து வாசிக்க ஏடு வேண்டுமே! ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அது ஊமையாகக் கிடந்தது.

மார்கோ டி கூய் என்ற டச்சு நாட்டு இசைஞர் இளைஞர் ஒருவர் இதற்குத் துணிந்தார். பழைய ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அன்று எடுத்த படத்தைப் பார்த்து எந்தக் கருவி எங்கே வாசிக்கிறது என்று கண்டறிந்தார். ஒவ்வொரு கருவிக்கும் உரியதை மறுபடியும் எழுதினார். ஜான் லார்டும் உடனிருந்து சரிபார்த்தார். 1999 செப்டம்பர் 25, 26 ஆகிய நாட்களில், அதே ஆல்பர்ட் மண்டபத்தில், லண்டன் சிம்பொனி இசைக்குழுவுடன் டீப் பர்ப்பிள் அதை மீண்டும் வாசித்தது. 2012இல் ஜான் லார்ட் மறைந்தார். ஏடு இருப்பதால் இசை மறையவில்லை.

இத்தகைய முயற்சியில் இந்தியர் ஒருவருக்கும் பங்கு உண்டு. பம்பாயில் பிறந்த சுபின் மேத்தா, 1970 மே மாதத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக் குழுவை நடத்தி, பிராங்க் சாப்பா என்பவரின் ராக் குழுவோடு வாசிக்கச் செய்தார். பின்னர் 1999 ஏப்ரல் 21, 22 ஆகிய இரு இரவுகளில், மெட்டாலிக்கா என்ற பேர்பெற்ற ஹெவி மெட்டல் குழு, சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு பெர்க்லி நகரில் மேடையேறியது. நடத்துநர் மைக்கேல் கேமன். பழைய மெட்டாலிக்கா பாடல்களுக்குப் பக்கத்தில் சிம்பொனிக் குழு வாசிப்பதற்காகப் புதிய இசையை அவர் எழுதிச் சேர்த்தார். 2019இல் அதே இரு குழுவும் மீண்டும் கூடின. அப்போது சிம்பொனியின் முதன்மைப் பேஸ் கலைஞர், 1986இல் விபத்தில் இறந்துபோன மெட்டாலிக்காவின் பேஸ் கலைஞர் கிளிப் பர்ட்டனின் இசையைத் தனியாக எழுந்து நின்று வாசித்தார். 1969இல் முகம் சுளித்த கூட்டத்தாரின் வாரிசு, ஐம்பதாண்டுகளில் வணக்கம் செலுத்தும் நிலைக்கு வந்துவிட்டார்.

நம் நாட்டிலும் இரண்டு கூட்டமும் உண்டு. வானொலிக்கென்று 1961இலேயே ஓர் இசைக்குழு அமைந்தது. 1998 ஆகஸ்டில் மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு, கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்து மண்டபத்தில் தன் முதல் கச்சேரியை நடத்தியது. மற்றொரு புறம், 1980களில் சர்ச், விங்ஸ் போன்ற மலாய் ராக் குழுக்கள் கம்பத்துப் பிள்ளைகளையும் தோட்டத்துப் பிள்ளைகளையும் கவர்ந்தன. 1992இல் நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்கள் அரசாங்க ஒளிபரப்பில் தோன்றத் தடை வந்தது. முடியை வெட்டிக்கொண்டுதான் பலர் திரும்பினார்கள். 2013 ஆகஸ்ட் 21ஆம் நாள் மெட்டாலிக்கா குழுவே கோலாலம்பூருக்கு வந்து வாசித்தது. எங்கே தெரியுமா? 1957இல் நம் சுதந்திரம் முழங்கிய அதே மெர்டேக்கா அரங்கில்! காலம் எப்படி மாறுகிறது பாருங்கள்.

நம் இனத்தில் இரண்டையும் கற்றவர் ஒருவர் உண்டு. தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்து, கிராமத்துப் பாட்டோடு வளர்ந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசையை எழுதக் கற்றார். 2005இல் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் சிம்பொனிக் குழுவோடு இசைத்தட்டாக்கினார். 2025 மார்ச் 8ஆம் நாள், தம் எண்பத்தொரு வயதில், லண்டன் மேடையில் தமது சிம்பொனியை அரங்கேற்றினார். பாட்டுக் கேட்ட காதும் எழுதத் தெரிந்த கையும் ஒரே ஆளிடம் சேர்ந்ததால் வந்த பயன் இது.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். நாம் பணியாற்றிய ஒரு தோட்டத்தில் பிள்ளைகள் சிலர் பள்ளி முடிந்ததும் உறுமி பழகுவார்கள். அவர்களுக்கு வயதான ஒருவர் அடி சொல்லிக் கொடுப்பார். மாரியம்மனுக்கு ஓர் அடி, முனியாண்டிக்கு ஓர் அடி, காவடி இறக்க ஓர் அடி. பரீட்சை நேரத்தில் இதென்ன கூச்சல் என்று அந்தப் பிள்ளைகளை விரட்டியவர்கள் நாம்தான். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பின்பு தோட்டம் கைமாறியது. பால்மரங்கள் சாய்ந்தன, வீடமைப்பு வந்தது. குடும்பங்கள் கிள்ளானிலும் பிறவிடங்களிலும் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறின. பெரியவரும் காலமானார். அந்தப் பிள்ளைகளில் ஒருவனைப் பிரிக்பீல்ட்ஸில் ஒருநாள் கண்டோம். இப்போது அவனும் குடும்பஸ்தன். "அந்த அடியெல்லாம் ஞாபகம் இருக்கிறதா தம்பி?" என்று கேட்டோம். "பாதிதான் ஞாபகம் வருது, சார். மத்த பாதி தெரிஞ்சவன் எங்க இருக்கான்னு தெரியல," என்றான்.

ஜான் லார்டின் ஏடு தொலைந்தபோது ஒலிப்பதிவாவது இருந்தது. நம் பெரியவரின் அடிக்கு அதுவும் இல்லை.

ஆகவே, நேயர்களே, ஒன்று செய்வோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய தோட்டங்கள் மறைந்து வருகின்றன. பாட்டிமாரும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, பால்மரத்தடியில் பாடிய பாட்டு, கோயில் அடி எதுவானாலும், இந்த வாரமே பாட்டியை உட்கார வைத்துக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் அதைக் கேட்டு ஒரு பயிற்றுப் புத்தகத்தில் எழுதட்டும். யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று மேலே குறிக்கட்டும். பதிவு மட்டும் போதாது, எழுத்தும் வேண்டும் என்பதை அந்த டச்சு இளைஞர் பட்ட பாடு நமக்குக் காட்டுகிறது.

இன்னொன்று. உங்கள் மகன் வீட்டுப் பின்புறம் கித்தாரையோ உறுமியையோ அடித்து நொறுக்கினால், விரட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். நேரங்காலம் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அது நம் உரிமை. ஆனால் கூச்சல் என்று தீர்ப்புச் சொல்வதில் அவசரம் வேண்டாம். லண்டனில் அன்று அவசரப்பட்டவர்கள் பிறகு தலைகுனிந்தார்கள். தோட்டத்தில் அவசரப்பட்ட நாமும் இன்று தலைகுனிந்துதான் பேசுகிறோம்.