ஆசியா (67ஆவது சிறுகோள்)

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே, பிரதான சிறுகோள் பட்டையில் சூரியனைச் சுற்றிவரும் கற்கோள். 1861 ஏப்ரல் 17 அன்று மதராஸ் வான் அவதான நிலையத்தில் நோர்மன் ரொபர்ட் பொக்சன் இதைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதலாவது சிறுகோள் என்பதால் கண்டத்தின் பெயரையே இதற்குச் சூட்டினார். கிரேக்கப் புராணத்திலும் ஆசியா என்றொரு பெண் இருப்பதால், சிறுகோள்களுக்குப் புராணப் பெண்களின் பெயரிடும் அக்கால வழக்கத்துக்கும் அது பொருந்தியது.

1801இல் இத்தாலியின் பலெர்மோவில் பியாசி கண்ட சீரிஸ் தொடங்கி 66ஆவதான மாயா வரை அனைத்தும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ கண்டுபிடிக்கப்பட்டவை. மாயாவுக்கு எட்டு நாள் பின்னர் ஆசியா தென்பட்டது. அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து ஜெர்மனியில் 68ஆவதான லெட்டோ. அப்போது இந்தியாவும் இங்கிலாந்தும் இன்னும் தந்தியால் இணைக்கப்படவில்லை; ஆசியாவைக் கண்ட செய்தி மதராஸிலிருந்து கப்பலில்தான் போக வேண்டியிருந்தது.

பொக்சன் ஒக்ஸ்போர்டில் ஏற்கனவே மூன்று சிறுகோள்களைக் கண்டவர். நட்சத்திரங்களின் ஒளிர்வை அளக்க இன்றும் பயன்படும் அளவுத்திட்டத்தை 1856இல் வகுத்தவரும் அவரே. 1861 பெப்ரவரியில் மதராஸ் வந்து, இரண்டே மாதங்களில் ஆசியாவைக் கண்டார். நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன. அதனால் அரைநிலவு நள்ளிரவை ஒட்டி மறைந்து, பின்னர் வானம் இருண்டிருக்கும் இரவுகள் அவை.

புகைப்படத் தகடு இத்துறைக்கு வராத காலத்தில் சிறுகோள் தேடுவது முழுக்கக் கண்ணின் வேலை. ஒரு துண்டு வானத்தைத் தொலைகாட்டியில் பார்த்து, தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் நட்சத்திர வரைபடத்துடன் ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி அடுத்த இரவு சற்று நகர்ந்திருந்தால் அது சிறுகோள். நகராவிட்டால் வரைந்தவர் தவறவிட்ட நட்சத்திரம். இப்பொறுமையோடு பொக்சன் மதராஸிலிருந்து சாப்போ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வேரா (1885) ஆகியவற்றையும் கண்டார். 1891இல் இறக்கும் வரை அவர் அந்நிலையத்திலேயே பணியாற்றினார்.

அங்கே அவருடன் உழைத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியின் பெயரை இவ்வரலாற்றில் விட்டுவிடுவது நியாயமன்று. 1867இல் மாறொளி நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்த அவர், 1874இன் வெள்ளிக் கடப்பை (சூரியனின் முகத்தைக் குறுக்காக வெள்ளிக் கோள் கடப்பதை) நம் மக்களுக்கு விளக்க உருது உட்படப் பல மொழிகளில் நூல் வெளியிட்டார். மதராஸ் நிலையத்தின் பெருமையில் அவருக்கும் உரிய பங்கு உண்டு.

ஆசியாவின் சராசரிச் சூரியத் தூரம் 2.42 வானியல் அலகு (புவிக்கும் சூரியனுக்கும் இடையான சராசரித் தூரமே ஓர் அலகு). ஒழுக்கு நீள்வட்டமாதலால் சூரியனை நெருங்கும்போது 1.97, விலகும்போது 2.87 அலகு. ஒரு சுற்றுக்கு 3.77 ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் செவ்வாய் ஏறக்குறைய இரண்டு முறை சூரியனைச் சுற்றிவிடும். புவியின் ஒழுக்குத் தளத்துக்கு ஆசியாவின் ஒழுக்கின் சாய்வு 6 பாகை. விட்டம் 60 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு: கல்முனையிலிருந்து பொத்துவில் வரையான நேர்கோட்டுத் தூரம் என்று கொள்ளலாம்.

மதராஸின் நுங்கம்பாக்கத்தில் இருந்த அந்நிலையத்தின் வானியற் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மாறியது. பொக்சனுக்கு நெடுங்காலம் பின்னரும் அம்மண்ணில் சிறுகோள் கண்டறியப்பட்டது: 1988 பெப்ரவரி 17 அன்று வேலூருக்கு அப்பால் காவலூரில் ஆர். ராஜமோகன் கண்ட சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் இடப்பட்டது. அதன் எண் 4130.

வெறுங்கண்ணுக்கு ஆசியா தெரியாது. ஆனால் ஏறத்தாழ 16 மாதங்களுக்கு ஒருமுறை, சூரியனுக்கு நேரெதிரே வரும் காலத்தில், பாடசாலையில் இருக்கக்கூடிய சிறு தொலைகாட்டிக்கும் அது எட்டும். பிறை பார்க்கக் கடற்கரைக்குப் போகும் நம் மாணவர்கள், ஆசியா எட்டும் அந்த இரவுகளில் தொலைகாட்டியோடு ஒரு தாளும் பென்சிலும் எடுத்துச் சென்று, பொக்சன் செய்ததுபோல் இரண்டு இரவு வரைந்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.