ஏறும் சொல்லும் இறங்கும் சொல்லும்

குதிரையாயினும் மாட்டு வண்டியாயினும், கப்பலாயினும் ஆகாய விமானமாயினும் தமிழ் பேசுவோர் அதில் ஏறுகிறார்கள். பயணம் முடிந்ததும் இறங்குகிறார்கள். பனையில் ஏறுபவனுக்கும் அதே சொல்தான். மானம் கப்பலேறும்போதுகூட நாம் புதிய வினைச்சொல் தேடி அலைவதில்லை. ஆங்கிலேயரோ வாகனத்துக்கு வாகனம் ஒரு சொல்லை ஆக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றுட் சில, கேட்பவருக்குச் சிரிப்பை உண்டாக்குவன. ஆயினும் அவை பிறந்த வரலாறு முழுவதும் சிரிப்புக்குரியதன்று.

கடலிலிருந்து தொடங்குவோம். 'எம்பார்க்' என்னும் சொல்லில் உள்ள 'பார்க்' என்பது மரக்கலத்தைக் குறிக்கும் பழஞ்சொல். பிரெஞ்சு மொழியினின்றும் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துட் புகுந்தது. 'போர்ட்' என்பதோ ஆங்கிலேயரின் சொந்தச் சொத்து. பலகை என்பது அதன் முதற் பொருள். பின்னர் கப்பலின் பக்கப் பலகையையும் அது குறித்தது. வலப்புறத்தில் சுக்கான் துடுப்பைக் கட்டியிருந்தமையால் அப்பக்கம் 'ஸ்டார்போர்ட்' ஆயிற்று. இடப்பக்கத்துக்கு 'லார்போர்ட்' என்று பெயர். புயற் காற்றின் நடுவே இவ்விரண்டையும் உரத்துக் கூவினால் எது எதுவென்று எவருக்குத் தெரியும்? குழப்பத்தைத் தவிர்க்க 1844ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம் 'லார்போர்ட்' என்பதை விலக்கி, 'போர்ட்' என ஒலிக்கும் வேறொரு சொல்லை, துறைமுகத்தைக் குறிக்கும் சொல்லை, அதனிடத்தில் வைத்தது. ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டால் கப்பல் பாறையில் மோதும் என்பதை மாலுமிகள் அறிவார்கள்.

தரையில் அத்தகைய கட்டுப்பாடு உடனே வரவில்லை. 1830 செப்டெம்பர் 15ஆம் நாள் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. பிரதம மந்திரியாகிய வெலிங்டன் கோமகன் முதல் பெரியோர் பலர் பயணஞ் செய்தனர். வண்டி தண்ணீர் பிடிப்பதற்காகப் பார்க்சைட் என்னுமிடத்தில் நின்றது. யாரும் கீழே இறங்கவேண்டாமென்று முன்னரே கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தும், பலர் இறங்கித் தண்டவாளத்தின் மீது நின்று உரையாடலாயினர். குதிரை வண்டி நின்றால் இறங்கிக் காலாற நடப்பது அவர்களுடைய பழக்கம். இதுவும் வண்டிதானே என்று எண்ணினர். பாராளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிஸனும் இறங்கியவருள் ஒருவர். 1828இல் வெலிங்டனின் மந்திரிசபையை விட்டு விலகியவர். அன்று கோமகனுடன் கைகுலுக்கி அந்த மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்ள விரும்பினார். கையும் குலுக்கினார். அவ்வேளையில் அடுத்த தண்டவாளத்தில் 'ரொக்கெட்' என்னும் இயந்திரம் வந்தது. ஏறி நிற்க மேடை இல்லை. கோமகனின் வண்டிக் கதவை அவர் பற்றிக்கொண்டார். கதவு திறந்து, இயந்திரத்தின் பாதைக்கே அவரைக் கொண்டுசென்றது. கால் நசுங்கிய அவரை ஜோர்ஜ் ஸ்டீபன்ஸன் தாமே இயந்திரத்தை ஓட்டி எக்கிள்ஸ் என்னும் ஊருக்குக் கொண்டு சேர்த்தார். அன்றிரவே அவர் உயிர் நீத்தார். ஏறுவதும் இறங்குவதும் இனி அவரவர் விருப்பத்துக்குரிய செயல்களல்ல என்பதை உலகம் அன்று கண்டது.

புகைவண்டிக்கென்று தனி வினைச்சொற்களை ஆக்கியவர்கள் பயணிகள் அல்லர், இராணுவத்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'என்றெயின்', 'டீறெயின்' என்னும் சொற்கள் அவர்களுடைய கட்டளைகளில் இடம்பெறலாயின. ஆயிரம் வீரரும், குதிரைகளும், பீரங்கிகளும் குறித்த நிலையத்தில் குறித்த நேரத்துக்குள் ஏறவேண்டும். அக்காரியம் முழுவதையும் ஒரே சொல்லில் அடக்கினால் கட்டளை சுருங்கும், ஐயமும் குறையும். இழுத்துச் செல்லுதல் என்னும் பொருளில் 'என்றெயின்' என்ற வேறொரு பழஞ்சொல் அம்மொழியில் ஏற்கெனவே இருந்தது. போர்முனைக்கு அனுப்பப்பட்ட இளைஞர் பலருக்கு இரண்டு பொருளும் பொருந்தியிருக்கும்.

இனி, இவ்வரிசையில் மிக விசித்திரமான சொல்லுக்கு வருவோம். பிரான்சு நாட்டு நாந்த் நகரில் போத்ரி என்பவர் வெந்நீர்க் குளிப்பகம் ஒன்றை நடத்தினார். அங்கு வருவோருக்காக 1826ஆம் ஆண்டளவில் அவர் ஒரு குதிரை வண்டியை ஓடவிட்டார். குளிக்க வந்தவரைவிட இடைவழியில் இறங்கிப் போனவரே அதிகமென்று கண்டதும், வண்டியையே தொழிலாக்கிக்கொண்டார். அதற்கு வழங்கிய பெயர் 'ஓம்னிபஸ்'. 1829 ஜூலை 4ஆம் நாள் ஷில்லிபீர் என்பவர் இலண்டனில், பாடிங்டனிலிருந்து 'பாங்க்' வரை, மூன்று குதிரைகள் பூட்டிய இத்தகைய வண்டியை ஓட்டினார். அதில் 22 பேர் அமரலாம்.

'ஓம்னிபஸ்' என்பது இலத்தீன் சொல். நமது இலக்கணப்படி சொன்னால் நான்காம் வேற்றுமைப் பன்மை. 'எல்லார்க்கும்' என்று பொருள். ஆங்கிலேயர் அதன் தலையை வெட்டி வாலை மட்டும் வைத்துக்கொண்டனர். 'பஸ்' என்பதில் எஞ்சியிருப்பது வேற்றுமை உருபின் ஒரு துண்டே. 'எல்லார்க்கும்' என்பதில் 'எல்லார்' போய் 'க்கும்' நின்றதுபோல. நாம் தினந்தோறும் 'க்கும்' பிடித்துத்தான் கந்தோருக்குப் போகிறோம்! அந்த உருபுக்கும் முன்னொட்டுக் கொடுத்து, முதலாவது உலகப் போரின்போது 'எம்பஸ்', 'டீபஸ்' என்னும் வினைகளை இராணுவத்தார் உண்டாக்கினர். 'என்' என்பது பகரத்துக்கு முன் 'எம்' எனத் திரிந்ததை நேயர்கள் கவனித்திருப்பீர்கள்; மகர ஈறு வல்லினத்துக்கு இனமாகத் திரியும் நமது புணர்ச்சி விதிக்கு அது தூரத்து உறவு.

சொல் வேடிக்கையானது; செயல் அப்படியன்று. 1914 ஒக்ரோபரில் அன்ட்வேர்ப் நகரைக் காக்கச் சென்ற படையினருக்காக இலண்டன் பஸ் வண்டிகள் கடல் கடந்து கொண்டுபோகப்பட்டன. நாடக விளம்பரங்கள் ஒட்டியபடியே, சிவப்பு வண்ணத்துடனேயே அவை போர்க்களத்தில் ஓடின. பின்னர் அனுப்பப்பட்டவற்றுக்குக் காக்கி வண்ணம் பூசி, சன்னல்களைப் பலகையால் அடைத்தனர். 34 ஆசனங்கள் கொண்ட வண்டியில், சுமைகளுடன் ஏறக்குறைய 25 வீரர் ஏறினர். முன்னாளில் அதே வண்டியில் வேலைக்குச் சென்றவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள். அப்போது அவர்கள் வெறுமனே ஏறினார்கள். இப்போது 'எம்பஸ்' செய்தார்கள். டீபஸ் செய்த இடத்திலிருந்து மீளாதவர் பலர். தப்பி வந்த வண்டிகளுள் ஒன்றை 1920ஆம் ஆண்டில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் பக்கிங்ஹாம் அரண்மனையில் பார்வையிட்டார். 'ஓல்ட் பில்' என்று பெயர்பெற்ற அவ்வண்டி பின்னர் இலண்டன் போர்ப் பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்தது.

விமானம் வந்ததும் 'எம்பிளேன்', 'டீபிளேன்' என்பன வந்ததில் வியப்பில்லை. இவற்றை நயமற்ற சொற்கள் என்று பழிப்போர் உண்டு. நானும் அவர்கள் பக்கமே.

இத்தனைக்கும் நடுவில் ஒரு கிழச்சொல் அசையாமல் நிற்கிறது. இலண்டன் நகரின் நிலத்தடிப் புகைவண்டியில், இன்ன இடத்துக்குச் செல்வோர் இங்கே 'அலைற்' செய்க என்று ஒலிபெருக்கியில் இன்றும் அறிவிக்கிறார்கள். இது பழைய ஆங்கிலக் காலத்துச் சொல். பாரமின்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முதுகிலிருந்து இறங்கிக் குதிரையின் சுமையை இலேசாக்குதல் என்பதே அதன் ஆதிப் பொருள். மின்சாரத்தால் ஓடும் வண்டி அந்த அறிவிப்பின்பின் கதவைத் திறக்கிறது, மக்களும் இறங்குகிறார்கள்.